மூன்றாம் நம்பர் ஷூ

மறைமலை நகர் முதல் ஸ்ரீபெரும்புதூர் வரை, வேலைக்குப் போகும் பெண்ணின் பெட்டியில் என்ன இருக்கிறது, என்ன இல்லை?

விடியற்காலை ஐந்து மணி. சிங்கப்பெருமாள் கோவிலில் ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து ஒரகடம் பக்கம் பிரியும் முனை. டீக்கடை பாய்லர் சீறிக்கொண்டிருக்கிறது. கம்பெனி பஸ்ஸுக்காகப் பெண்கள் நிற்கிறார்கள். குளித்த தலை இன்னும் காயவில்லை. ஈரத்தோடே பின்னி, சுருட்டி, கிளிப் மாட்டியிருக்கிறார்கள். ஷால் காற்றில் பறக்காமல் இரண்டு தோளிலும் ஊக்கு. கழுத்தில் கம்பெனி டேக். தோளில் தொங்கும் பையில் டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில், மடித்த யூனிஃபார்ம். இன்னொரு கையில் முடிச்சுப் போட்ட பிளாஸ்டிக் கவர். அதற்குள் சேஃப்டி ஷூ. காலில் ரப்பர் செருப்பு.

ஷூவை ஏன் அறையிலேயே போட்டுக்கொண்டு வருவதில்லை? பதில் குதிகாலில் ஒட்டியிருக்கும் பிளாஸ்திரியில் இருக்கிறது. ஷிஃப்ட் முழுக்க அந்த ஷூவில் நிற்கப்போகும் கால்களுக்குப் போக வரவாவது செருப்பு கிடைக்கட்டும்.

‘வேலைக்குப் போகும் பெண்கள் என்ன உடுத்தலாம்’ என்று பத்திரிகைகளில் வரும் பக்கங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பிளேசர், முத்துக் கம்மல், குதி உயர்ந்த காலணி. கத்திரி வெயிலில் ஒரகடம் கூட்டு ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கும் பெண்ணுக்கு அந்தப் பக்கத்தால் எந்தப் பயனும் இல்லை. அவளுடைய கேள்விகள் வேறு. ஷாலை எங்கே கழற்றி வைப்பது? தாலியை என்ன செய்வது? மழைக்காலத்தில் யூனிஃபார்ம் காயாவிட்டால்? என் கால் அளவில் ஷூ ஏன் இல்லை?

இந்தக் கேள்விகள் அழகு சம்பந்தப்பட்டவை அல்ல, வேலை சம்பந்தப்பட்டவை. உடைக்கு வழி செய்யாத இடத்தில் பெண்ணுக்கு வேலையே குறைகிறது என்பதுதான் இந்தத் தொழில்தடம் நமக்குக் காட்டும் பாடம்.

வந்த வழி

சென்னையின் துணைநகரமாக 1980களில் வளர்ந்த ஊர் மறைமலை நகர். தனித்தமிழ் இயக்கம் கண்ட மறைமலை அடிகளின் பெயர். ஃபோர்டு ஆலை இங்கே 1999இல் உற்பத்தியைத் தொடங்கி, 2022 ஜூலையில் கடைசிக் காரை வெளியே அனுப்பியது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், ஒரகடத்தில் ரெனோ நிசான், டெய்ம்லர், ராயல் என்ஃபீல்டு என்று கார், லாரி, பைக் ஆலைகள் வரிசையாக வந்தன. அவை பெரும்பாலும் ஆண்களின் ஆலைகள்.

பெண்கள் கூட்டம் கூட்டமாக இந்தப் பக்கம் வந்தது எலெக்ட்ரானிக்ஸால்தான். 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. 2014 நவம்பர் 1 அன்று மூடப்பட்டது. பிறகு சுங்குவார்சத்திரம் பக்கம் ஐபோன் பூட்டும் ஃபாக்ஸ்கான் பெரிதாக வளர்ந்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் திறந்து வைத்த பெண் தொழிலாளர் விடுதியில் மட்டும் 18,720 படுக்கைகள். விழுப்புரம், திருவண்ணாமலை, கடலூர் என்று பல மாவட்டங்களிலிருந்து பெண்கள் பிளஸ் டூவோ டிப்ளமோவோ முடித்த கையோடு ஒரு பெட்டியுடன் வந்து இறங்குகிறார்கள். அந்தப் பெட்டிக்குள் இருப்பது பெரும்பாலும் படிக்கும்போது போட்ட சுடிதார், பொங்கலுக்கு எடுத்த ஒரு நல்ல உடுப்பு, இரண்டு நைட்டி.

பெட்டிச் செய்தி: பத்தில் நான்கு

வருடாந்திரத் தொழிற்சாலைக் கணக்கெடுப்பின்படி, இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். தொழிற்சாலைப் பெண்ணின் உடை வேறெந்த மாநிலத்தையும்விட நம்முடைய பிரச்னை.

1948 பார்த்த உடம்பு

தொழிற்சாலைகள் சட்டம், 1948. அதன் 22ஆம் பிரிவை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தைச் சோதிக்கவோ, எண்ணெய் போடவோ வேண்டியிருந்தால், தனிப்பயிற்சி பெற்ற வயது வந்த ஆண் தொழிலாளிதான் அதைச் செய்ய வேண்டும். அவர் உடம்போடு ஒட்டிய உடை அணிந்திருக்க வேண்டும். அந்த உடையை நிர்வாகமே கொடுக்க வேண்டும் என்றது. அடுத்த உட்பிரிவு, ஓடும் இயந்திரத்தால் ஆபத்து நேரும் இடத்தில் பெண்கள் துடைப்பதற்கும் எண்ணெய் போடுவதற்கும் தடை விதித்தது.

சேலைத் தலைப்பு பெல்ட்டில் சிக்கிக்கொள்ளும் என்ற பயம் நியாயமானது. ஆனால் தீர்வைப் பாருங்கள். ஆணுக்கு இறுக்கமான உடை. பெண்ணுக்கு வெளியே போகும் வழி. அவளுக்கும் அதே உடையைத் தைத்துக் கொடுக்கலாம் என்று அந்த வரிகளை எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை.

இதன் விளைவு இன்றும் கண்ணுக்குத் தெரிகிறது. லைனில் பூட்டுவது, சோதிப்பது, பேக்கிங் செய்வது பெண்கள். மெஷின் நின்றுபோனால் ஸ்பேனரோடு ஓடி வருவது ஆண். கைத்தொழில் கற்று மேலே ஏறும் ஏணி மெயின்டனன்ஸ் பக்கம்தான் இருக்கிறது. ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்த பெண்ணும் பல இடங்களில் பேக்கிங் மேஜையில்தான் நிற்கிறாள். பெண்களுக்கு இருந்த இரவு ஷிஃப்ட் தடையை (சட்டத்தின் 66ஆம் பிரிவு) சென்னை உயர் நீதிமன்றம் 2000 டிசம்பரிலேயே செல்லாது என்றது. 2025 நவம்பர் 21 அன்று இந்தச் சட்டத்துக்குப் பதிலாக நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு, பெண்கள் எல்லா வகை வேலைகளிலும் சேரலாம் என்கிறது. சட்டத்தின் கதவு திறந்துவிட்டது. அந்தக் கதவுக்குள் போட்டுக்கொண்டு போக உடை வேண்டுமே!

தாலியும் மெட்டியும்

2024 ஜூன் கடைசியில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் ஒரு புலனாய்வுக் கட்டுரை வெளியிட்டது. ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கானில் ஐபோன் பூட்டும் வேலைக்குத் திருமணமான பெண்களை எடுப்பதில்லை என்பது அதன் குற்றச்சாட்டு. குடும்பப் பொறுப்பு, பிரசவம், விடுப்பு என்று சொல்லப்பட்ட காரணங்களோடு இன்னொன்றும் இருந்தது. திருமணமான பெண்கள் கழற்ற மறுக்கும் நகைகள், அதாவது தாலியும் மெட்டியும். நிர்வாகம் குற்றச்சாட்டை மறுத்தது. புதிதாக எடுத்தவர்களில் நான்கில் ஒருவர் திருமணமானவர் என்றது. ஆணோ பெண்ணோ எந்த மதமோ, உலோகம் அணியக்கூடாது என்ற விதி எல்லாருக்கும் பொது என்றது. மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது.

உலோகம் கூடாது என்ற விதியில் தவறில்லை. மின்னணு லைனில் மோதிரமும் வளையலும் சர்க்யூட் பலகையைக் கீறும், மின்சாரம் பாயும், மெட்டல் டிடெக்டர் கத்தும். ஆனால் விதியை வைப்பது ஒன்று. அந்த விதியைக் காரணம் காட்டிக் கேட்டிலேயே ஆளைத் திருப்பி அனுப்புவது வேறு. நம் பெண்கள் இதற்கு எப்போதோ வழி கண்டுவிட்டார்கள். கொடியை வீட்டில் வைத்துவிட்டு, வெறும் மஞ்சள் கயிற்றைச் சட்டைக்குள் போட்டுக்கொள்கிறார்கள். மெட்டியை ஞாயிற்றுக்கிழமை போடுகிறார்கள். மாமியாருக்குப் பதில் சொல்வதுகூட முடிகிற காரியம்தான். கழற்றிய நகையைப் பயமில்லாமல் வைக்க ஒரு பூட்டுப் பெட்டி கொடுத்தால் பாதிப் பிரச்னை கேட்டிலேயே தீரும். லாக்கர் என்பது கட்டடச் செலவு மட்டுமல்ல. திருமணமான பெண்ணுக்கு அது வேலைவாய்ப்பு.

ஷாலின் கதையும் இதுதான். கிராமத்தில் ஷால் இல்லாமல் தெருவில் இறங்காத பெண்ணிடம், லைனில் ஷால் கூடாது என்கிறோம். இரண்டுக்கும் நடுவில் அவளுக்குக் கை கொடுப்பது முழங்கால் வரை வரும் ஓவர்கோட். அது நல்ல அளவில், நல்ல துணியில் இருந்தால் அவள் நிமிர்ந்து நிற்கிறாள். ஆண் அளவில் வந்த கோட்டில் தோள் தொங்கி, கை நீண்டு, மார்புப் பக்கம் பட்டன் பிளந்து நின்றால், நாள் முழுக்க ஒரு கை அதை இழுத்துவிட்டுக்கொண்டே இருக்கும். அந்தக் கை மெஷின் பக்கத்தில் கவனமாக இருக்க வேண்டிய கை.

குதிகாலில் பிளாஸ்திரி

இப்போது ஷூ.

இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 15298. சேஃப்டி ஷூவின் முனையில் இருக்கும் தொப்பி 200 ஜூல் அடியைத் தாங்க வேண்டும். சுமார் இருபது கிலோ எடை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். விரலைக் காப்பாற்றும் ஷூ, சரியான அளவில் இல்லையென்றால் அதே விரலை நசுக்கும். கம்பெனி ஸ்டோரில் இருப்பு பெரும்பாலும் ஐந்தாம், ஆறாம் நம்பரிலிருந்து தொடங்குகிறது. நம் பெண்களில் ஏராளமானோருக்கு மூன்று, நான்கு. ஐந்தாம் நம்பருக்குள் இரண்டு ஜோடி சாக்ஸும் கொஞ்சம் பஞ்சும் வைத்து நடக்கிறார்கள். பெண்ணின் கால் ஆணின் காலுடைய சிறிய வடிவம் அல்ல. முன்பாதம் அகலமாகவும் குதிகால் ஒடுங்கியும் இருக்கும். ஆண் அச்சில் செய்த சிறிய ஷூகூடக் குதிகாலில் வழுக்கும். வழுக்கினால் தேயும், தேய்ந்தால் கொப்புளம்.

பெண்களுக்கென்று தனி அச்சில் சேஃப்டி ஷூ செய்பவர்கள் இந்தியாவில் இருக்கிறார்கள். ஆர்டர் போடுபவர் கேட்க வேண்டும், அவ்வளவுதான். இந்தத் தடத்திலிருந்து சில மணி நேரப் பயணத்தில் ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி. ஐரோப்பியப் பெண்களின் கால் அளவுக்கு இம்மி பிசகாமல் அங்கே காலணி தைப்பவர்கள் தமிழ்ப் பெண்கள்தான். அவர்களுடைய தங்கைகளின் கால் அளவு மட்டும் நம் ஸ்டோர் ரெஜிஸ்டரில் இல்லை என்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

இது நம் ஊர்ப் பிரச்னை மட்டுமல்ல. அமெரிக்காவில் கட்டுமானத் தொழிலாளிக்குக் கொடுக்கும் பாதுகாப்பு உடையும் கருவியும் அவரவர் உடம்புக்குச் சரியாகப் பொருந்த வேண்டும் என்ற விதி 2025 ஜனவரி 13 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. பெரிய கையுறையும் தொளதொளத்த சட்டையும் பெண்களை ஆபத்தில் தள்ளுகின்றன என்பது அந்த விதிக்கு ஒரு முக்கியக் காரணம்.

பெட்டிச் செய்தி: காசு கேட்டால்…

* பழைய தொழிற்சாலைகள் சட்டத்தின் 114ஆம் பிரிவு: சட்டப்படி நிர்வாகம் கொடுக்க வேண்டிய கருவிக்கோ வசதிக்கோ தொழிலாளியிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்றது. புதிய சட்டத் தொகுப்பும் இதையே சொல்கிறது. சேஃப்டி ஷூவுக்குச் சம்பளத்தில் பிடித்தம் என்றால், எந்த விதிப்படி என்று கேளுங்கள்.
* 43ஆம் பிரிவு: வேலை நேரத்தில் அணியாத உடையை வைக்கவும், நனைந்த உடையை உலர்த்தவும் இடம் கொடுக்கச் சொல்லி மாநில அரசு விதி செய்யலாம் என்றது.
* 44ஆம் பிரிவு: நின்றே செய்யும் வேலையில் இருப்பவர்கள், வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார இருக்கை இருக்க வேண்டும் என்றது. கடைகளில் வேலை செய்பவர்களுக்கு இதே உரிமையைத் தமிழ்நாடு 2021இல் சட்டமாக்கியது. நமக்குச் சுடிதார் எடுத்துக் காட்டும் ஜவுளிக்கடைப் பெண்ணுக்கும் அது பொருந்தும்.

இரண்டு செட், ஆறு நாள்

பல கம்பெனிகளில் யூனிஃபார்ம் இரண்டு செட். வாரத்தில் வேலை நாள் ஆறு. ஷிஃப்ட் முடிந்து வந்து, வரிசையில் நின்று பக்கெட் பிடித்து, துவைத்து, விடுதியின் கம்பியில் இடம் தேடிக் காயப்போட வேண்டும். சித்திரை வைகாசியில் கவலையில்லை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் துணி காயாது. ஈரம் உலராத பேன்ட்டைப் போட்டுக்கொண்டு ஷிஃப்ட் முழுக்க நின்றால் தொடை இடுக்கில் அரிப்பு, படர்தாமரை. வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லாமல், மெடிக்கல் ஷாப்பில் ஏதோ ஒரு களிம்பை வாங்கித் தடவுகிறார்கள், அது இன்னும் பரவுகிறது. மூன்றாவது செட் கொடுப்பதற்கு ஆகும் செலவு, அவள் எடுக்கும் ஒரு நாள் விடுப்பின் செலவைவிடப் பெரிதாக இருக்கப்போவதில்லை.

யூனிஃபார்மின் நிறத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெளிர் நிற பேன்ட்டில் மாதவிடாய் நாளைக் கழிப்பது எப்படி என்று, அந்த நிறத்தைத் தேர்வு செய்த அறையில் ஒரு பெண் இருந்திருந்தால் கேட்டிருப்பாள். கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஒரே துண்டாக வரும் உடையோ இன்னும் கஷ்டம். பாத்ரூம் போக வேண்டுமென்றால் முழுசாக இறக்க வேண்டும். பத்து நிமிட இடைவேளையில் அதற்கு நேரமில்லை. அதனால் தண்ணீரே குடிக்காமல் இருந்துவிடுகிறார்கள். சிறுநீர்த் தொற்று அங்கேதான் தொடங்குகிறது. கருவுற்ற பெண்ணுக்கு ஐந்தாம் மாதத்தில் எந்த யூனிஃபார்ம் என்ற கேள்விக்கும் ஸ்டோரில் பதில் இருக்க வேண்டும்.

நிறத்துக்கு இன்னொரு வேலையும் கொடுத்து வைத்திருக்கிறோம். பல ஆலைகளில் நிரந்தரத் தொழிலாளிக்கு ஒரு நிறம், கான்ட்ராக்ட்டுக்கு ஒரு நிறம், டிரெய்னிக்கு ஒரு நிறம். கேன்டீனில் தட்டோடு வரிசையில் நிற்கும்போதே யாருக்கு எவ்வளவு சம்பளம் என்று எல்லாருக்கும் தெரியும். ஜப்பானியக் கம்பெனிகள் பலவற்றில் மேலாளரும் தொழிலாளியும் ஒரே சட்டை போடுகிறார்கள். அதைப் பின்பற்றினால் உற்பத்தி ஒன்றும் குறைந்துவிடாது.

ஆஃபீஸுக்கும் லைனுக்கும் நடுவே

இந்தத் தடத்தில் இன்னொரு பெண்ணும் இருக்கிறாள். குவாலிட்டி இன்ஜினீயர், ஹெச்.ஆர்., அக்கவுன்ட்ஸ், பர்ச்சேஸ். காலையில் மீட்டிங், பதினோரு மணிக்கு ஷாப் ஃப்ளோர், மதியம் வெளிநாட்டுக் கஸ்டமரின் ஆடிட். மூன்றுக்கும் ஒரே உடை. சொந்தக் காசில் யோசித்து வாங்க வேண்டியவள் இவள்தான். ஆகவே கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன்.

முதலில் துணி. வெல்டிங் பொறி பறக்கும் பக்கம் போக வேண்டியிருந்தால் பாலியஸ்டரும் நைலானும் வேண்டவே வேண்டாம். பருத்தி எரியும், ஆனால் உருகித் தோலில் ஒட்டாது. மின்னணு லைன் பக்கம் நைலான், கம்பளித் துணிகள் நிலைமின்சாரத்தைக் கூட்டும். மேலே போடும் ஈ.எஸ்.டி. (நிலைமின்சாரத் தடுப்பு) கோட்டின் கைக்கு வெளியே உள்சட்டையின் கை நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. ஆக, முக்கால் கை வைத்த பருத்தி குர்த்தியும் நேர்வெட்டு பேன்ட்டும் இந்த ஊர் வேலைக்கு மிகப் பொருத்தம். லெக்கின்ஸ் வாங்கச் சுலபம், விலையும் குறைவு. ஆனால் வியர்வையை இறுக்கிப் பிடிக்கும். பலாசோவும் காற்றில் ஆடும் அகலப் பேன்ட்டும் படியில் ஏறும்போதே கால் தடுக்கும். அவை ஞாயிற்றுக்கிழமைக்கு.

சேலையை விட்டுவிட வேண்டுமா? இல்லை. 2019இல் தலைமைச் செயலக ஊழியர்களுக்கு வந்த அரசு உத்தரவு சேலை, சல்வார் கமீஸ், துப்பட்டாவோடு சுடிதார் மூன்றையும் அலுவலக உடை என்றது. ஆடிட் அன்று கஞ்சி போட்ட பருத்திச் சேலையில் வரும் பெண்ணின் குரலுக்கு அறையில் ஒரு கனம் சேர்வதை நான் பார்த்திருக்கிறேன். லைனுக்குள் போகாத நாளாகப் பார்த்துக் கட்டுங்கள்.

விலையை அணியும் தடவையால் வகுத்துப் பாருங்கள். 400 ரூபாய் குர்த்தி இருபது துவைப்பில் வெளுத்தால் ஒரு தடவைக்கு 20 ரூபாய். 1,200 ரூபாய் குர்த்தி நூறு தடவை உழைத்தால் 12 ரூபாய். முதல் சம்பளத்தில் இந்தக் கணக்கைப் போட முடியாது என்பதும் எனக்குத் தெரியும். கையில் காசில்லாதவள் விலை மலிந்ததைத் திரும்பத் திரும்ப வாங்குகிறாள், கடைசியில் அதிகம் செலவழிப்பவளும் அவளே.

பெட்டிச் செய்தி: முதல் மூன்று மாதப் பெட்டி

* பருத்தி குர்த்தி நான்கு: இரண்டு அடர் நிறம், இரண்டு வெளிர் நிறம். பேன்ட் இரண்டு, கறுப்பும் கருநீலமும். எட்டு விதமாக மாற்றிப் போடலாம்.
* நல்ல டெய்லர் ஒருவரின் அறிமுகம். தோளும் கையும் சரியாக இருந்தால் எந்தத் துணியும் எடுப்பாகும். பேன்ட்டில் பக்கப் பாக்கெட் வைக்கச் சொல்லுங்கள். பஸ் டிக்கெட், கைக்குட்டை, நாப்கின் வைக்க இடம் வேண்டாமா?
* பருத்தி சாக்ஸ் ஆறு ஜோடி, பருத்தி உள்ளாடை ஒரு வாரத்துக்கு. குர்த்தியில் மிச்சம் பிடித்தாலும் இதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.
* குளிர்சாதன அறைக்கும் இரவு பஸ்ஸுக்கும் ஒரு மெல்லிய ஸ்வெட்டர்.
* இன்டர்வியூவுக்கும் ஆடிட்டுக்கும் இஸ்திரி போட்டு மாட்டி வைத்த ஒரே ஒரு செட். அதை வேறெதற்கும் தொடாதீர்கள்.
* ஊக்கு, ஊசி நூல், கறுப்புப் பட்டன் இரண்டு. விடுதி அறையில் இவற்றை வைத்திருப்பவளைத் தேடி எல்லாரும் வருவார்கள்.

யார் கையில் இருக்கிறது?

அரசு இதில் செய்ய முடிந்தது உண்டு. கூடுவாஞ்சேரி, தாம்பரம் போன்ற இடங்களில் வேலைக்குப் போகும் பெண்களுக்கான தோழி விடுதிகள் வந்திருக்கின்றன. சாதாரண நகரப் பேருந்தில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அந்த வரிசையில், மழைக்காலத்தில் துணி உலர்த்தக் கூரை போட்ட இடத்தை ஒவ்வொரு தொழிலாளர் விடுதிக்கும் கட்டாயமாக்கலாம்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. மகள் வேலைக்குக் கிளம்பும்போது ஒரு பட்டுச் சேலையோ தங்கக் கம்மலோ வாங்கிக் கொடுக்க நினைக்கிறீர்கள். அந்தப் பணத்தில் கொஞ்சத்தை நான்கு பருத்தி உடுப்புக்கும் ஒரு ஜோடி நல்ல காலணிக்கும் ஒதுக்குங்கள். கம்மலை எப்படியும் கேட்டில் கழற்றத்தான் போகிறாள்.

கடைசியாக, ஸ்டோருக்குக் கொள்முதல் படிவம் நிரப்பும் ஹெச்.ஆர். மேலாளர்களுக்கு. இந்த வாரம் உங்கள் லைனில் நிற்கும் பெண்களின் கால் அளவைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆர்டரில் ஐந்தாம் நம்பர் வரிக்கு மேலே இரண்டு வரி சேர்த்து எழுதுங்கள்: மூன்றாம் நம்பர், நான்காம் நம்பர், பெண்கள் அச்சு.